சாய்ஸ்ல விட்ட பாடம்

பத்தாங்கிளாஸ் கணக்குல நான் உருப்படியா படிச்சது ஜியோமெட்ரியும் கிராஃபும்தான். ரெண்டும் கண்டிப்பா வரும், ரெண்டும் முழு மார்க், மூளையே வேணாம், கை தானா போட்டுட்டு வந்துடும். மிச்சத்துக்கு புக் பேக் கணக்க வரி மாறாம மனப்பாடம். ஆனா அல்ஜீப்ரால ஒரு பகுதி வரும் பாருங்க. மேல ஒரு நீளமான கோவை, நடுவுல ஒரு கோடு, கீழ இன்னொரு நீளமான கோவை. மேல இருக்கறத கீழ இருக்கறதால வகுத்து சுருக்கிக் குடுன்னு கேப்பான். அந்தப் பக்கத்த பாத்தேன், திருப்பினேன். அவ்ளோதான் எனக்கும் அதுக்கும். சாய்ஸ்ல விட்டுட்டேன்.

சாய்ஸ்ல விடறத சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க. எந்தப் பாடத்துல என்ன வரும், எதை விட்டா எது காப்பாத்தும்னு உக்காந்து கணக்கு போட்டுத்தான் விடணும். சொல்லப்போனா ஸ்கூல்ல நானா யோசிச்சு போட்ட ஒரே கணக்கு அதான். அதே டெக்னிக்ல பன்னெண்டாவது. அதே டெக்னிக்ல இன்ஜினியரிங். காலேஜ் பரீட்சைல a எழுது இல்லன்னா b எழுதுன்னு வரும். எதுல இந்த மேல-கீழ சமாச்சாரம் தலை காட்டுதோ, அதுக்கு எதிர்ல இருக்கறத எழுதுவேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். சர்டிஃபிகேட்ல எங்கயாவது "சாய்ஸ்ல விட்டு பாஸானவள்"னு போட்டுருக்கானா? போடல.

கேம்பஸ்ல ஒரு கம்பெனி என்னை எடுத்தான். எடுத்தான்னா மெயில் அனுப்பினான், அவ்ளோதான். எப்ப வந்து சேரணும்னு கேட்டா விரைவில் தெரிவிக்கிறோம்ங்கறான். அவன் விரைவுக்கு ஆமை கூட பைக் வாங்கிடும். நான் ஆதம்பாக்கம் வீட்ல ஃபேனுக்கு நேரா படுத்துக்கிட்டு ஃபோன பாத்துட்டு இருந்தேன். அதை எங்கப்பாவால தாங்க முடியல.

எங்கப்பாவுக்கு தி.நகர்ல ஒரு மேட்சிங் சென்டர். புடவைக்கு மேட்சா பிளவுஸ் பிட், ஃபால்ஸ், உள்பாவாடை, இதெல்லாம் விக்கற கடை. திருநெல்வேலி பக்கத்துலருந்து வந்து ஆரம்பிச்சது. பச்சைல மட்டும் எத்தனை பச்சை இருக்குன்னு தெரியணும்னா அங்க வாங்க, கண்ணு பூத்துடும். ஆடி வந்தா ஜனம் பிச்சிக்கும். அப்பா இட்லிய பிட்டுக்கிட்டே நிதானமா சொன்னாரு.

"ஏட்டி, சும்மாதான கெடக்க. ஆடி பொறந்ததும் கடைக்கு வந்துரு. கல்லால உக்காரு."

கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா எங்க குடும்பத்துல கல்லால உக்காந்த பொம்பளைப் புள்ள எந்திரிச்சதா சரித்திரமே இல்ல. என் பெரியப்பா பொண்ணு எம்.எஸ்சி முடிச்சிட்டு, இந்த ஒரு சீசன் மட்டும்னு போய் உக்காந்தா. அதுக்கப்புறம் அவ அந்த ஸ்டூல விட்டு எழுந்தது மணமேடைல உக்காரத்தான். அதனால வேலை கிடைச்சா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். ஆடிக்குள்ள கெடச்சா நீ ஒன் வேலையப் பாரு, நான் ஒண்ணும் சொல்லலன்னாரு. அம்மா சாட்சி. அப்ப ஆனி மாசம் பாதி போயிருந்துது.

அந்த நேரத்துலதான் அபிராமபுரத்துல ஒரு டியூஷன் சென்டர்ல மேத்ஸுக்கு ஆள் வேணும்னு தெரிஞ்சுது. ஃபோன் பண்ணேன். நடத்தறவங்க ஒரு மேடம். பத்தாங்கிளாஸ் பேட்ச், சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்டணும், டாபிக் நாங்களே அனுப்புவோம்னாங்க. நான் மனசுக்குள்ள கிராஃப் குடு தாயே, ஜியோமெட்ரி குடு தாயேன்னு வேண்டிட்டு இருக்கேன். வாட்ஸப்ல ஒரு ஃபோட்டோ வந்துது. திறந்தா மேல ஒரு நீளமான கோவை, நடுவுல கோடு, கீழ ஒரு நீளமான கோவை.

இத்தனை வருஷம் கழிச்சு, தேடிட்டு வந்து, கதவத் தட்டி, நல்லா இருக்கியாம்மான்னு கேக்குது.

எனக்கு ஒரு ஃப்ரெண்ட் இருக்கான், காலேஜ்ல என் பெஞ்சு. மயிலாப்பூர்லயே பொறந்து வளந்தவன், கோயில் குளத்துக்குப் பின்னாடி வீடு. கணக்கு அவனுக்கு சும்மா தண்ணி மாதிரி. வெளிய அவன் பேச்ச கேட்டா மீன் மார்க்கெட்ல பொறந்தவன்னு நினைப்பீங்க. அவங்க அம்மா ஃபோன் வந்தா மட்டும் குரலே மாறிடும். வெள்ளிக்கிழமை மத்தியானம் லஸ் பக்கத்துல இருக்கற பார்க்குக்கு வாடான்னு கூப்பிட்டேன். வந்தான். வாக்கிங் வந்த பெருசுங்க நடுவுல ஒரு சிமெண்ட் பெஞ்சுல உக்காந்தோம். என் நோட்ட வாங்கி ஒரு கணக்கு எழுதினான்.

(x² − 9) ÷ (x² + 5x + 6)

"இத்த சுருக்கு பாக்கலாம்."

இதென்ன பெரிய விஷயம்னு மேல இருந்த x ஸ்கொயர ஒரு அடி, கீழ இருந்த x ஸ்கொயர ஒரு அடி. மேல மைனஸ் ஒன்பது நிக்குது, கீழ 5x ப்ளஸ் ஆறு நிக்குது. முடிஞ்சுதுன்னு நோட்ட நீட்டினேன். அவன் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தான், யாரோ செத்துப் போன மாதிரி.

"இன்னா மச்சி, கசாப்புக் கடையாட்டம் வெட்டிக்கினு போற? அது ப்ளஸ்ல ஒட்டிக்கினு கீது. பிச்சு எடுக்க முடியாது."

ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு, அடிச்சா என்னன்னு நான் சண்டைக்குப் போனேன். அவன் வாதம் பண்ணல. x-க்கு ஒண்ணு போட்டு பாருன்னான். கணக்குல போட்டேன். மேல மைனஸ் எட்டு, கீழ பன்னெண்டு. சுருக்கினா மைனஸ் ரெண்டு பை மூணு. இப்ப என்னோட விடைல போட்டேன். மைனஸ் ஒன்பது பை பதினொண்ணு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு என்னைப் பாத்து சிரிக்குது. எவ்ளோ வாய் பேசினாலும் நம்பர்கிட்ட செல்லாது, அதான் எனக்கு நம்பர புடிக்கவே புடிக்காது.

பெருக்கல்ல நிக்கறதத்தான் அடிக்க முடியும்னு அவன் திரும்பத் திரும்ப சொன்னான். மேலயும் கீழயும் முதல்ல பெருக்கலா உடைக்கணும், உடைச்சப்புறம் ரெண்டுத்துலயும் ஒரே ஆளு இருந்தா மட்டும் அடி. எனக்கு அது காதுக்குள்ள போச்சு, மண்டைக்குள்ள போகல. கூட்டல்ல இருந்தா என்ன, பெருக்கல்ல இருந்தா என்ன, x x தானேன்னு உள்ள ஒரு குரல். அந்த நேரம் அவங்க அம்மா ஃபோன். டக்குனு எழுந்து நின்னுட்டான். "இல்லம்மா, பார்க்ல தான் இருக்கேன். ஆத்துக்கு வந்துண்டே இருக்கேன். தயிர் வாங்கிண்டு வரேன்." வச்சதும் திரும்ப உக்காந்து, "சொல்லு மச்சி, எங்க வுட்டோம்"னான். நான் கொஞ்ச நேரம் சிரிச்சு முடிக்கற வரைக்கும் பாடம் நின்னுது.

சிரிச்சிட்டு இருக்கும்போதுதான் எதிர்ல ஒரு அம்மா பச்சைப் புடவையோட நிழல்லருந்து வெயிலுக்கு வந்தாங்க. நிழல்ல பாட்டில் பச்சைன்னு நினைச்சேன். வெயில்ல பாத்தா உள்ள நீலம் ஓடுது. மயில் கழுத்து. கடைல பொறந்து வளந்த புத்தி, பாத்ததும் பிளவுஸ் பிட் எந்த ரேக்ல இருக்கும்னு தேடிச்சு.

எங்க கடைல இது ஒரு சட்டம். டியூப் லைட்ல கலர் பாக்கக் கூடாது. டியூப் லைட்ல எல்லா பச்சையும் ஒரே பச்சை. கஸ்டமரு இதே போதும்மா, மேட்ச் ஆகுதுன்னு சொன்னாலும் விட மாட்டோம். புடவையயும் பிட்டையும் தூக்கிட்டு தெருவுக்கு வரணும், ஆட்டோக்காரன் திட்டினாலும் நடுவுல நின்னு வெயில்ல விரிச்சுப் பாக்கணும். அப்பதான் இந்தப் பச்சைக்குள்ள மஞ்சள் இருக்கு, அந்தப் பச்சைக்குள்ள நீலம் இருக்குன்னு பிரிஞ்சு தெரியும். உள்ள இருக்கற கலர் ஒத்துப்போனாதான் மேட்ச். மேலோட்டமா பாத்து குடுத்தா, கல்யாணத்துல போட்டோ எடுத்ததும் சண்டைக்கு வந்துடுவாங்க.

நான் பண்ணது டியூப் லைட் வேலை. x ஸ்கொயர பாத்தேன், இங்கயும் x ஸ்கொயர், அங்கயும் x ஸ்கொயர், மேட்ச்னு கட் பண்ணி பில் போட்டுட்டேன். தெருவுக்கு எடுத்துட்டுப் போகல. பேனாவ அவன் கைலருந்து புடுங்கினேன். x² − 9 தெருவுக்கு வந்தா (x − 3)(x + 3). அது மனப்பாட ஃபார்முலா, தூக்கத்துல கேட்டாலும் வரும். கீழ இருக்கறதுக்கு பெருக்கினா ஆறு, கூட்டினா அஞ்சு வர்ற ரெண்டு பேரத் தேடணும். ரெண்டும் மூணும். (x + 2)(x + 3). இப்ப பாத்தா மேலயும் x ப்ளஸ் மூணு, கீழயும் x ப்ளஸ் மூணு. அசல் மேட்ச். அடிச்சேன். மேல x மைனஸ் மூணு, கீழ x ப்ளஸ் ரெண்டு. ஒண்ணு போட்டுப் பாத்தேன். மைனஸ் ரெண்டு பை மூணு.

பெருமைக்கு சொல்லல, ஆனா அந்த நிமிஷம் எனக்கு மண்டைக்குள்ள யாரோ ஏசி போட்ட மாதிரி இருந்துது. பத்தாங்கிளாஸ்லயே இது புரிஞ்சிருந்தா நான் வேற ஆளா ஆயிருப்பேன்னெல்லாம் இல்ல. இதே ஆளுதான். அல்ஜீப்ராவும் தெரிஞ்ச இதே ஆளு.

அவன் தயிர் வாங்கற அவசரத்துல எழுந்துட்டான். போகும்போது, அடிச்சதோட முடியல, x மைனஸ் மூணா இருந்தா ஒரு சிக்கல் கீது, அதையும் சொல்லிட்டுப் போறேன்னான். எனக்கு மண்டை நிறைஞ்சு வழிஞ்சிட்டு இருந்துது.

"அத்த சாய்ஸ்ல விடு மச்சி"ன்னேன்.

சனிக்கிழமை வேளச்சேரிலருந்து பறக்கும் ரயில் ஏறி மந்தவெளில இறங்கி நடந்தேன். சென்டர்னா ஒரு வீட்டு கார் ஷெட்டு. காருக்கு பதிலா பெஞ்சு, ஒரு வெள்ளை போர்டு, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். மேடம் கடைசி பெஞ்சுல ஃபிளாஸ்க்கு காபியோட உக்காந்துட்டாங்க. பசங்க என்னைப் பாத்த பார்வைல மரியாதையும் இல்ல, பயமும் இல்ல. பொண்ணு பாக்க வந்த வீட்ல அக்கம்பக்கத்து ஆளுங்க ஜன்னல் வழியா பாப்பாங்களே, அந்தப் பார்வை.

போர்டுல x² − 9ன்னு எழுதினேன். மார்க்கர் போர்ட விட்டு வரல, மொத்த கிளாஸும் கோரஸா, "x மைனஸ் த்ரீ இன்ட்டு x ப்ளஸ் த்ரீ." கீழ இருக்கறத எழுதினேன். யாரு அந்த ரெண்டு பேருன்னு நான் கேக்கவே இல்ல, ரெண்டு, மூணுன்னு சத்தம் வருது. நான் அப்டியே பூரிச்சுட்டேன். பொறவி டீச்சர்டி நீ, வந்து நின்னதுமே புள்ளைங்களுக்கு புரியுதுன்னு எனக்கு நானே மாலை போட்டுக்கிட்டேன். தெருவுல புடவைய விரிச்சுப் பாக்கற கதையையும் எடுத்து விட்டேன். அதுக்கு மட்டும் கோரஸ் வரல, அமைதியா கேட்டாங்க. அப்புறம் x ப்ளஸ் மூணு ரெண்டையும் ஸ்டைலா ஒரே கோட்டுல அடிச்சேன்.

ரெண்டாவது பெஞ்சுல ரெட்டை ஜடை போட்ட ஒரு பொண்ணு கைய தூக்கினா. குரல்ல அவ்ளோ பணிவு.

"மிஸ், x-க்கு மைனஸ் மூணு போடலாமா?"

ஓ தாராளமான்னு போட்டேன். சுருக்கின விடைல மேல மைனஸ் ஆறு, கீழ மைனஸ் ஒண்ணு, ஆறுன்னு வந்துது. ஒரிஜினல்லயும் போட்டுக் காட்டுங்க மிஸ்னா. போட்டேன். மேல ஒன்பது மைனஸ் ஒன்பது, ஜீரோ. கீழ ஒன்பது மைனஸ் பதினஞ்சு ப்ளஸ் ஆறு. அதுவும் ஜீரோ. போர்டுல ஜீரோவுக்குக் கீழ ஜீரோ நிக்குது, பக்கத்துல ஆறு நிக்குது. ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பதான் நான் சத்தியம் பண்ணிருக்கேன். முதுகுக்குப் பின்னாடி ஃபிளாஸ்க்கு மூடி திறக்கற சத்தம் கேட்டுது. எனக்கு கண்ணு முன்னாடி கல்லாவும் அந்த ஸ்டூலும் தெரிஞ்சுது, ஸ்டூல் மேல புது குஷன் வேற.

பார்க்ல அவன் என்ன சொல்ல வந்தான்னு அப்பதான் உறைச்சுது. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அடக்கவும் முடியல.

"இதைத்தான் நேத்து என் ஃப்ரெண்டு சொல்ல வந்தான். நான் சாய்ஸ்ல விட்டுட்டேன்"னு சொன்னேன்.

ஷெட்டே அதிர்ந்துது. ஒருத்தன் பெஞ்சுலயே படுத்து சிரிச்சான். ரெட்டை ஜடை மட்டும் ஒரு மாதிரி பரிதாபமா என்னைப் பாத்துச்சு.

"பரவால்ல மிஸ். எல்லாரும் இங்கதான் மாட்டுவாங்க."

"எல்லாரும்னா?"

"டெமோவுக்கு வர்றவங்க. எல்லாருக்கும் இதே பாடம்தான் மிஸ் குடுப்பாங்க. போன வாரம் ஒரு சார் வந்தாரு, இந்த இடத்துல தண்ணி குடிக்கப் போனவரு திரும்பி வரவே இல்ல."

ஸ்கூல் தொறந்ததுலருந்து இதே கார் ஷெட்ல, இதே போர்டுல, வரிசையா ஆளுங்க வந்து இதே பாடத்த எடுத்துட்டு போயிருக்காங்க. இதுங்க பாக்காத உடைப்பு இல்ல, பாக்காத அடி இல்ல. கடைக்குப் போற வழியெல்லாம் ஒரே பாட்டு கேட்டா வரி மனப்பாடம் ஆயிடும்ல, அந்த மாதிரி. என் மாலைய நானே கழட்டினேன். சரி, சிக்கல் என்னன்னு நீயே வந்து சொல்லுன்னு மார்க்கர அவகிட்ட நீட்டிட்டு அவ இடத்துல போய் உக்காந்தேன். அவ போர்டுல ஒரு ஓரமா x ≠ −3ன்னு எழுதினா. ஜீரோவால வகுக்கக் கூடாது மிஸ், அடிக்கறதுக்கு முன்னாடியே கீழ ஜீரோ, அதனால மைனஸ் மூணு உள்ளயே வரக் கூடாது, அடிச்சதால அது மறைஞ்சு போச்சே தவிர சரியாயிடலன்னா. நான் நோட்ல எழுதிக்கிட்டேன். பக்கத்துல இருந்தவன் ஸ்பெல்லிங் சரியான்னு எட்டிப் பாத்தான்.

கிளாஸ் முடிஞ்சதும் மேடம் வெளிய கேட்டுகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. உள்ள பசங்ககிட்ட ஏதோ கேட்டுட்டு வந்தாங்க. எதுக்கு எல்லாருக்கும் இதே டாபிக் குடுக்கறீங்கன்னு என்னால கேக்காம இருக்க முடியல. அவங்க கொஞ்சம் கூட கூச்சப்படல.

"இந்தப் பாடத்த எங்க பசங்கள சாய்ஸ்ல விடச் சொல்லிருக்கோம்மா. வர்றவங்க தப்பா எடுத்தாலும் போர்ஷன் கெட்டுப் போகாதுல்ல."

ஆனா பசங்களுக்கு மொத்த புக்லயே இந்தப் பாடம் மட்டும்தானே சூப்பரா தெரியுதுன்னு நான் சொன்னேன். உள்ள போர்டுல அந்தப் பொண்ணு எழுதினது இன்னும் இருந்துது. அதை மேடம் ஒரு தடவை திரும்பிப் பாத்தாங்க. பாக்கலாம்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம், மத்தவங்கெல்லாம் மாட்டினதும் பசங்கள திட்டுவாங்க, இல்லன்னா ஃபோன எடுப்பாங்க, நீங்க போய் பெஞ்சுல உக்காந்தீங்க, பசங்க உங்களையே போடச் சொல்றாங்கன்னாங்க. திங்கள்லருந்து தினம் சாயங்காலம். முதல்ல பிராபபிலிட்டி.

பிராபபிலிட்டி. அதையும் நான் உருப்படியா படிச்சதில்ல. ஓகே மேடம்னு தலையாட்டினேன்.

நேரா தி.நகர் போனேன். கடை வாசல்ல ஆடித் தள்ளுபடி பேனர ஏணி போட்டு கட்டிட்டு இருந்தாங்க. அப்பா கீழ நின்னு வலது பக்கம் ஏத்து, இடது பக்கம் எறக்குன்னு வேலை வாங்கிட்டு இருந்தாரு. வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன். அவர் முகத்துல நிஜமாவே சந்தோஷம் வந்துது, அதை நான் எதிர்பாக்கல. டீச்சரான்னு கேட்டாரு. ஆமான்னேன். பேனர் கட்டறவங்ககிட்டயே எம்மவ டீச்சருன்னு சொன்னாரு. சாயங்காலம் எத்தனை மணிக்குன்னு கேட்டாரு. அஞ்சு மணிக்குன்னேன், அப்பாவியா.

"அப்ப காலைல சும்மாதான இருப்ப. கல்லால உக்காந்துட்டு நாலு மணிக்குப் போ. வேலைக்குப் போக வேண்டாம்னு நான் சொல்லலலா."

அவர் சொன்ன வார்த்தைல ஒரு ஓட்டை கூட இல்ல. அம்மாவ சாட்சிக்குக் கூப்பிட்டும் பிரயோஜனம் இல்ல. நான் வாய் பேசறது யார்கிட்டருந்து வந்துதுன்னு ஊருக்கே தெரியும்.

உள்ள ஒரு கஸ்டமர் அம்மா பச்சைப் புடவையோட நின்னு, இது மேட்ச் ஆகுது, பில் போடுங்கன்னு அவசரப்பட்டுட்டு இருந்தாங்க. பழக்க தோஷம், புடவையயும் பிட்டையும் தூக்கிட்டு நானே தெருவுக்கு வந்தேன். வெயில் எறங்கற நேரம், இருந்தாலும் போதுமான வெளிச்சம். புடவைக்குள்ள நீலம், பிட்டுக்குள்ள மஞ்சள். ஆகாதும்மான்னு சொல்லிட்டு வேற ரேக்குக்கு அனுப்பினேன். பேனர் நிழல்ல நின்னு அந்த மயிலாப்பூர்க்காரனுக்கு மெசேஜ் போட்டேன். வேலை கிடைச்சுது, நாளைக்கு பார்க் வாடா, பிராபபிலிட்டி சொல்லிக் குடு.

உடனே பதில் வந்துது.

"இன்னா மச்சி, எத்ததான் நீ படிச்ச?"

"கிராஃப்"னு அனுப்பினேன். "நாளைக்கு தயிர் வாங்கிட்டே வந்துடு. பாதில எழுந்து போற வேலையே வேணாம்."